மத்தியானத் தட்டுகள்

வெள்ளி பழுப்பானால் முதலாளி அண்ணாச்சி முதலில் என்னைத்தான் அடிப்பார். அதில் எனக்குப் பெரிய வருத்தம் கிடையாது. தொட்டி என் பொறுப்பு. பித்தளைச் சாமான்களுக்கு வெள்ளி முலாம் போடுகிற அந்தத் தாராவிப் பட்டறையில் பதினோரு வருஷமாக இருக்கிறேன். ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவன். தொட்டியில் என்ன கோளாறு என்று புத்தகத்தைப் பார்த்துச் சொல்லத் தெரியாது. பார்த்துச் சொல்லுவேன், தொட்டுச் சொல்லுவேன், பயந்து சொல்லுவேன். பயந்து என்பதைச் சும்மா சொல்லவில்லை. பயந்தவன் கண்ணுக்குத் தெரிகிற அளவு தைரியசாலிக்குத் தெரியாது என்று எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கையோடுதான் ஒரு மனுஷனுடைய வலது கையைக் கெடுத்தேன்.

பட்டறை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரே அறை. ஒரு சுவரோரம் வெள்ளித் தொட்டி. அதில் இருப்பது சயனைடுத் தண்ணீர். எதிர்ச் சுவரோரம் பித்தளையை முக்கி எடுக்கிற ஆசிட், ஒரு வாளியில். ஆசிட் வாளி சரிந்து தொட்டியில் கொட்டினால் எழும்புகிற புகையில் உள்ளே இருப்பவன் வாசலுக்குப் போய்ச் சேர மாட்டான். இதை எனக்குச் சொன்னவர் அண்ணாச்சி, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளில், பல் குத்திக்கொண்டே. அன்றிலிருந்து வாளிக்கும் தொட்டிக்கும் நடுவில் எத்தனை எட்டு என்று தினமும் நடந்து பார்ப்பேன். ஐந்து எட்டு. காலையில் ஐந்து இருந்தால் மத்தியானமும் ஐந்து இருக்கும் என்று என்ன நிச்சயம்?

பாலிஷ் போடுகிறவருக்கு இது பெரிய வேடிக்கை. என்னைவிட ஆறேழு வயது மூத்தவர், அண்ணே என்று கூப்பிடுவேன். மோட்டாரில் சுற்றுகிற துணிச் சக்கரத்தில் பித்தளையைப் பிடித்துப் பிடித்து அவர் கை கல்லாக இருந்தது.

“அளந்தாச்சா லே? இன்னிக்கு அஞ்சரை இருக்கும் பாரு. ரூம் வளந்திருக்கும்.”

“சும்மா இருங்கண்ணே.”

“மூச்சு விடுததுக்கே ரெண்டு தடவ யோசிக்கான் இவன். இவனுக்குக் கல்யாணம் எப்படிலே ஆச்சு?”

இப்படிப் பேசிக்கொண்டே பிடரியில் ஒன்று வைப்பார். விளையாட்டுத்தான், ஆனாலும் சாயங்காலம் வரை வலிக்கும். எனக்கு அவரைப் பிடிக்காது. இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

அந்த வருஷம் மாட்டுங்காவில் ஒரு கடைக்காரர் நானூறு தாம்பூலத் தட்டு கேட்டிருந்தார். ஒரு கல்யாணத்தில் வந்தவர்களுக்குக் கொடுக்க. வெள்ளிக்கிழமை கல்யாணம். அதற்குப் பன்னிரண்டு நாள் முன்னால் முதல் நூறு தட்டுப் போயிற்று. இரண்டாம் நாள் அண்ணாச்சியின் போனுக்குப் படம் வந்தது. தட்டுகளில் பாதி வெள்ளை வெளேர் என்று இருந்தன. மீதிப் பாதியில் டீ சிந்திக் காய்ந்த மாதிரி ஒரு பழுப்பு, ஓரத்தில் நீலம்.

அண்ணாச்சி போனை என் கண்ணுக்கு முன்னால் பிடித்தார். நான் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு கையால் கன்னத்தில் அறைந்தார். படம் அசையவே இல்லை. அது ஒரு திறமைதான்.

“என்னலே இது?”

“பாக்குதேன் அண்ணாச்சி.”

“பாரு. நல்லாப் பாரு. நான் மாட்டுங்கா போய் அவன் வாயில விழப்போறேன், நீ பாத்துக்கிட்டு இரி.”

பார்த்தேன். வெள்ளி பழுப்பதற்குக் காரணம் ஒன்றா இரண்டா. சயனைடு குறைந்தால் பழுக்கும். ஆனால் அப்படிக் குறைந்தால் தொட்டிக்குள் தொங்குகிற வெள்ளித் தகடு முதலில் கறுக்கும். எங்கள் தகடு சுத்தமாக இருந்தது. கரண்டை அதிகமாக வைத்தால் ஓரம் கருகிச் சொரசொரப்பாகும். இது வழவழவென்று இருந்தது. பித்தளை சரியாகக் கழுவப்படாமல் உள்ளே போயிருந்தால் வெள்ளி தோல் மாதிரி உரியும். நகத்தால் கீறிப் பார்த்தேன், உரியவில்லை. பளபளப்புக்கு ஊற்றுகிற மருந்து கூடிப்போனாலும் நிறம் மாறும். அதனால் தொட்டி முழுவதையும் கரித்தூள் போட்டு வடிகட்டினேன். ஒரு நாள் முழுக்க அதற்கே போயிற்று. மறுநாள் காலையில் எடுத்த தட்டுகள் பால் மாதிரி இருந்தன. மத்தியானத்துக்கு மேல் எடுத்தவை வெள்ளையாகத்தான் மரத்தூளுக்குள் காயப் போயின, காய்ந்து வெளியே வரும்போது பழுத்திருந்தன.

மரத்தூளை மாற்றினேன். பழுத்தது. மரத்தூளே இல்லாமல் துணியால் துடைத்தேன். பழுத்தது. அண்ணாச்சி இந்தத் தடவை கையால் அடிக்கவில்லை, பழுத்த தட்டை எடுத்து விளிம்பால் என் முட்டியில் அடித்தார்.

தொட்டித் தண்ணீரைப் பாட்டிலில் எடுத்துக்கொண்டு செம்பூருக்குப் போனேன். அங்கே சோதித்துச் சொல்கிற ஓர் அம்மா இருந்தார். கண்ணாடிக் குழாயில் சொட்டுச் சொட்டாக ஏதோ விட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“உங்க பாத், அதான் தொட்டித் தண்ணி, ஃபர்ஸ்ட் கிளாஸா இருக்கு. இதுல ஒண்ணும் பண்ண வேண்டாம். தொட்டி வத்தினா என்ன ஊத்தறேள்?”

“பேட்டரிக்கு ஊத்துற தண்ணி மேடம். கடையில வாங்கி.”

“கரெக்ட். கடைசியா சாமானை அலம்பற தண்ணி?”

“முனிசிபாலிட்டி தண்ணி.”

“அப்போ எனக்குப் புரியலை. நீங்கதான் கண்டுபிடிக்கணும்.”

நான் பொய் சொல்லவில்லை. முனிசிபாலிட்டி தண்ணீர்தான். எங்கள் சந்தில் அது காலையில் வரும், ஒரு மணி நேரத்தில் நின்றுவிடும். எல்லாரும் சின்னத் தொட்டியில் பிடித்து வைத்து மத்தியானம் வரை ஓட்டுவார்கள். ஒரு நாள் வராவிட்டால் என்ன செய்வது என்று யாரும் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன். தூக்கம் வராமல் யோசித்தேன். அந்த மாத ஆரம்பத்தில், பழைய டிரம்களைக் கழுவி விற்கிற இடத்தில் ஒரு பெரிய நீல டிரம் எடுத்து வந்து, நானும் இரண்டு முறை கழுவி, ஒவ்வொரு காலையும் ரொப்பி வைத்தேன். சின்னத் தொட்டி மத்தியானத்தில் காலியானதும் டிரம்மிலிருந்து எடுப்போம். அண்ணாச்சிகூட ஒரு தரம் சொன்னார், இவனுக்கும் மூளை இருக்கு என்று. பதினோரு வருஷத்தில் அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். அதனால் டிரம்மைப் பற்றிக் கெட்டதாக நினைக்க என் மூளை ஒப்பவில்லை போல.

புதன்கிழமை மத்தியானம் அண்ணாச்சி மாட்டுங்காவிலிருந்து வந்தார். சட்டைப் பை கிழிந்து தொங்கியது. கல்யாணப் பெண்ணைப் பெற்றவர் கடையில் வைத்து அவருடைய சட்டையைப் பிடித்துவிட்டாராம், வாடிக்கையாளர்களுக்கு முன்னால். அண்ணாச்சி ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். காலையில் ஸ்தோத்திரம் சொல்லாமல் கரண்டைப் போட மாட்டார். அவர் சட்டையை ஒருவன் பிடித்தான். கூடவே அவருடைய மச்சினனும் வந்திருந்தான். வசூலுக்கும் வம்புக்கும் மட்டும் வருகிற ஆள், நல்ல கனம்.

மச்சினன்தான் ஆரம்பித்தான். “அத்தான், யோசிச்சுப் பாருங்க. செம்பூர்ல பாத் சரிங்காங்க. காலையில போட்டா சரியா வருது. மத்தியானம் மட்டும் கெடுதுன்னா, மத்தியானம் எவனோ கெடுக்கான்.”

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். கை ஏற்கெனவே மேலே இருந்தது.

“மத்தியானம் தொட்டிப் பக்கம் யாருலே வருதா?”

அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். “அண்ணன் வருவாரு. குளிக்க.”

பாலிஷ்காரர் தினமும் மத்தியானம் சோற்றுக்கு முன்னால், தொட்டிக்குப் பக்கத்து மூலையில் உட்கார்ந்து இரண்டு வாளி தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்வார். காலை முழுக்கச் சக்கரத்தடியில் நின்றால் கண்ணிமை வரை கரி ஏறிவிடும். அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் அந்த நேரத்தில் நான் சொன்ன தொனியில் அது வேறு விஷயமாகிவிட்டது.

“பாண்டுப்ல ஒரு பட்டறைக்காரன் உன்னையக் கூப்பிட்டாம்லா?” என்றார் அண்ணாச்சி.

பாலிஷ்காரர் மோட்டாரை அணைத்துவிட்டுத் திரும்பினார். “கூப்பிட்டான். போகலன்னு உங்ககிட்டயே சொன்னேன்லா.”

“போகாம இருக்கதுக்கு என்ன குடுத்தான்? தொட்டியில என்னத்தப் போட்ட?”

“கிறுக்குப் புடிச்சிருக்கா அண்ணாச்சி உங்களுக்கு? சும்மா காலி பீலி பேசாதீங்க.”

மச்சினன் பின்னாலிருந்து அவர் இடுப்பில் உதைத்தான். அவர் சக்கர மேஜையில் மோதித் திரும்பி, மச்சினன் மூக்கில் ஒன்று விட்டார். ரத்தம் வந்தது. அதோடு பேச்சு முடிந்துபோயிற்று. தொட்டியில் தட்டுகளைத் தொங்கவிடுகிற செம்புக் கம்பியை அண்ணாச்சி உருவினார். பெருவிரல் தடிமன், முழங்கை நீளம். தட்டுகள் கம்பியிலிருந்து அவிழ்ந்து தொட்டிக்குள் ஒவ்வொன்றாக மூழ்கின. முதல் அடி முதுகில். இரண்டாவது தோளில். பாலிஷ்காரர் முட்டி போட்டதும் மச்சினன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தான், அது கழுத்திலிருந்து கீழே வரை கிழிந்து வந்தது. லுங்கி நழுவியது.

நான் சுவரோடு ஒட்டி நின்றேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிடரியில் வாங்கியதெல்லாம் அந்த முதுகுக்குப் போகிறது என்று தோன்றியது.

அப்போது அவர் இடுப்பைப் பார்த்தேன். வெள்ளி அரைஞாண் போட்டிருந்தார். போன மாதம் அதை அவரே கழற்றி என்னிடம் தந்து, அண்ணாச்சிக்குத் தெரியாமல் தொட்டியில் ஒரு முக்கு முக்கித் தரச் சொல்லியிருந்தார். என் கையால் துடைத்து வெள்ளையாகக் கொடுத்தேன். அது இப்போது கரிக்கட்டை மாதிரி இருந்தது. ஓரத்தில் நீலம்.

எனக்கு ஒரே வீச்சில் எல்லாம் தெரிந்துவிட்டது. அதன் பிறகு அரைஞாண் தொட்டிக்குள் போகவில்லை, மரத்தூளுக்குள் போகவில்லை. அதன் மேல் பட்டது ஒன்றே ஒன்று, மத்தியானத் தண்ணீர். டிரம் தண்ணீர். டிரம்மைத் திறக்கும்போது வருகிற கூமுட்டை நாற்றத்தை நான் சாக்கடை நாற்றம் என்றே நினைத்துவந்தேன். எங்கள் சந்தில் அந்த நாற்றம் எந்நேரமும் உண்டு. வெள்ளியைக் கறுப்பாக்குகிற நாற்றமே அதுதான். தாராவியில் தோல் பதனிடுகிற இடங்களில் ஆட்டுத் தோலிலிருந்து மயிரை உதிர்க்க ஓர் உப்பு போடுவார்கள். அந்த உப்பு இருந்த டிரம்.

நிமிர்ந்து பாலிஷ்காரர் முகத்தைப் பார்த்தேன்.

மச்சினன் அவருடைய வலது மணிக்கட்டைப் பிடித்து, கையை மேஜையில் விரித்து வைத்து அழுத்தினான். “எந்தக் கையில வே போட்ட? இதுலதானே?”

ஓர் அடி விழுந்தது. அவர் கத்தினார். மச்சினனின் குதிகால் பின்னால் நகர்ந்து ஆசிட் வாளியில் இடித்தது. வாளி ஆடியது. நான் குனிந்து அதைப் பிடித்தேன். இரண்டாவது அடி விழுந்தது. வாளியை இரண்டு கையாலும் வாசல் பக்கம் இழுத்தேன், சிந்தாமல், மெதுவாக. மூன்றாவது அடி விழுந்தது. அதற்குப் பிறகு வாளியை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு நிமிர்ந்து சொன்னேன்.

“தண்ணி அண்ணாச்சி.”

இன்னொரு முறை சொன்னேன். “தண்ணிதான். டிரம்மு தண்ணி. அவரு ஒண்ணும் பண்ணல.”

அண்ணாச்சி கம்பியைத் தூக்கியபடியே நின்றார். காலையில் எடுத்த நல்ல தட்டு ஒன்றைக் கொண்டுவந்து டிரம் தண்ணீரில் முக்கினேன். நாலு பேரும் அதைப் பார்த்தோம். பாலிஷ்காரரும் தரையில் கிடந்து, கையை மார்போடு அணைத்தபடி பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில் ஒன்றும் ஆகாமல் போகட்டும் என்றுதான் நான் வேண்டிக்கொண்டேன், சொல்ல வெட்கமாக இருக்கிறது. பிறகு வைக்கோல் நிறம் வந்தது. பிறகு டீ நிறம். அண்ணாச்சி டிரம்மைக் கவிழ்த்தார். தண்ணீர் எங்கள் காலெல்லாம் ஓடியது. வாய் விளிம்பின் உள்பக்கம், என் கை போகாத மடிப்பில், ஓர் உப்பு அடை ஒட்டிக் கிடந்தது. நகத்தால் சுரண்டித் தட்டில் தேய்த்தார். தேய்த்த இடம் மை மாதிரி கறுத்தது.

“யாருலே வாங்கிட்டு வந்தது?”

அவருக்குத் தெரியும். ஆனாலும் என் வாயால் கேட்க வேண்டும்.

“நான்தான்.”

அதே கம்பியால் என் தோளில் இரண்டு போட்டார். மூன்றாவதற்கு ஓங்கியவரை மச்சினன் தடுத்தான். “விடுங்க அத்தான். இவன் கை ஒடிஞ்சா தட்ட யாரு போடுவா? நாளை மறுநா கல்யாணம்.”

பாலிஷ்காரரை ஆட்டோவில் ஏற்றி சயான் பக்கம் ஆஸ்பத்திரிக்கு மச்சினனே கூட்டிப் போனான், தன் மூக்கில் துணியைத் திணித்துக்கொண்டு. வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் ஒடிந்திருந்தன. மிஷினில் மாட்டிக்கொண்டது என்று எழுதச் சொன்னார்கள். அவரும் அப்படியே சொன்னார்.

நான் பட்டறையில் கிடந்து பழுத்த தட்டுகளை எல்லாம் சுத்தம் பண்ணி மறுபடி போட்டேன். தண்ணீர் நாலு வீட்டில் வாங்கினோம். வியாழக்கிழமை சாயங்காலம் நானூறும் வெள்ளையாகப் போய்ச் சேர்ந்தன. அண்ணாச்சி ஸ்தோத்திரம் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், பாலிஷ்காரர் என் அறைக்கு வந்தார். மனைவி கோயிலிலிருந்து திரும்பியிருக்கவில்லை. கையில் மாவுக்கட்டு. உட்காரச் சொன்னேன், கட்டிலில் உட்கார்ந்தார். டீ போடட்டுமா என்றேன். அவர் இடது கையால் என் வலது கையைப் பிடித்து, பக்கத்தில் உட்காரவைத்தார். விடவில்லை.

“எப்ப லே தெரிஞ்சுது உனக்கு?”

“சொன்னேன்லா அண்ணே, அப்பத்தான்.”

அவர் என் நடுவிரலைத் தனியாகப் பிரித்துப் பின்பக்கம் வளைத்தார். அவசரமே இல்லை. தட்டின் விளிம்பைச் சக்கரத்துக்குக் கொடுக்கிற மாதிரி, அளவாக.

“நீ என் இடுப்பப் பாத்த. அப்புறம் என் மூஞ்சியப் பாத்த. நான் உன்னையப் பாத்துக்கிட்டுத்தான கெடந்தேன். அதுக்கப்புறம் எத்தன அடி?”

“மூணு.”

“வெரலு எத்தனாவதுல ஒடிஞ்சுது?”

“மொத அடியில.”

இன்னும் வளைத்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூன்றாவது அடியில்தான் அந்தச் சத்தம் கேட்டது. வாளியைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தவனுக்கே நன்றாகக் கேட்டது.

“மூணாவதுல அண்ணே. மூணாவதுல.”

“ம்.”

“வாளி ஆடிச்சு அண்ணே. ஆசிட்டு சரிஞ்சிருந்தா நாலு பேரும் செத்திருப்போம். அத நகத்திக்கிட்டு இருந்தேன்.”

“வாளிய நகத்துனது கையி. வாய் என்ன செஞ்சுது?”

பதில் எனக்குத் தெரியும். அன்றிலிருந்து நாலு நாளாக அதை எனக்குள்ளேயே திருப்பித் திருப்பிப் போட்டு, வாளி வாளி என்று சொல்லி மூடி வைத்திருந்தேன். விரல் இன்னும் ஒரு நெல்லளவு வளைந்தால் போதும் என்ற நிலையில் அது தானாக வெளியே வந்தது.

“சொன்னா கம்பி எனக்கு விழும்னு நெனச்சேன்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒடிப்பார் என்று காத்திருந்தேன். ஒடித்தால் நல்லது என்றுகூட ஒரு கணம் தோன்றியது, கணக்குத் தீர்ந்துவிடும் அல்லவா. அவர் விரலை விட்டார்.

“ஆறு வாரத்துக்கு நான் தட்டப் புடிக்க முடியாது,” என்றார். “வேலைக்கு வரலன்னா உங்க அண்ணாச்சி வேற ஆளப் போட்டுருவாரு. உன் கை எனக்கு வேணும். நாளைக்குக் காலையில சக்கரத்துல நீ நிக்க.”

“எனக்குப் பழக்கமில்லையே அண்ணே.”

“தெரியும்.”

திங்கட்கிழமை தொட்டி வேலையை முடித்துவிட்டுச் சக்கரத்துக்கு முன்னால் நின்றேன். அவர் எனக்குப் பின்னால் ஒட்டி நின்று, இடது கையால் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு மோட்டாரைப் போட்டார். சக்கரம் வேகம் எடுத்ததும் தட்டைக் கொஞ்சம் மேலே காட்டிவிட்டேன். சக்கரம் அதைப் பிடுங்கிக்கொண்டது. தட்டு என் காதை உரசிப் போய்ப் பின்சுவரில் மோதிச் சுழன்று விழுந்தது. காதில் சூடாக ஏதோ வழிந்தது.

அவர் போய்த் தட்டை எடுத்துவந்தார். விளிம்பு நசுங்கியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். என் காதைப் பார்க்கவில்லை.

“ஒண்ணும் ஆகல,” என்று சொல்லி அதை என் கையில் வைத்தார். “புடி.”